நாற்பது கெஜத் தொலைவில்

வேட்டைக் கதைகளில் சொல்லப்படும் பொய்களிற் பெரும்பாலானவை தொலைவைப் பற்றியவை. பறவையின் எடையைக் கூட்டிச் சொன்னால் அது சட்டியில் ஏறும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். எத்தனை சுட்டோம், எத்தனை விழுந்தன என்பதற்கோ உடன் வந்தவர்கள் சாட்சி இருப்பார்கள். தொலைவுக்கு மட்டும் சாட்சி கிடையாது. ஆகவே தாம் வீழ்த்திய பறவைக்கு 60 கெஜம் என்பார்கள். பிறர் தவறவிட்ட பறவைக்கு 40 கெஜம்கூட இல்லை என்பார்கள்.

நம் இல்லத்தில் அவ்வாறு சொன்னவர் நம் பெரியத்தா. அல்லாஹ் அவருடைய மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! அவர் பொய்யர் அல்லர். வணிகத்தில் காலணா கணக்குத் தவறினாலும் இரவோடிரவாக ஆளனுப்பித் திருப்பித் தருகிறவர். ஆனால் துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் நேர்மையாளரின் கண்ணும் சற்று மயங்கத்தான் செய்கிறது. அந்த மயக்கத்தினால் உடன்பிறந்தார் இருவர் மூன்று ஆண்டுக் காலம் மனம்விட்டுப் பேசாதிருந்ததையும், ஒரு காகிதத் தாள் அதனைத் தீர்த்து வைத்ததையும் இங்கே எழுதுகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சிற்றூர் நம்முடையது. மேற்கே மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கும். முல்லைப் பெரியாற்றின் தண்ணீரால் வயல்கள் பசுமை மாறாதவை. ஊருக்குக் கிழக்கே ஒரு கண்மாய். ஐப்பசி மழைக்குப் பின் அது நிறைந்துவிட்டால் வடபுலத்திலிருந்து கிளுவைகள் கூட்டங் கூட்டமாக வந்திறங்கும். பஜ்ருத் தொழுகை முடிந்து பள்ளிவாசற் படியிறங்கும்போதே அவற்றின் சிறகொலி தலைக்கு மேல் கேட்கும். நாம் சிறுவனாயிருந்த அந்நாளில், பறவைகளைச் சுடுவதை யாரும் குற்றமாக எண்ணியதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பின்னர்தான் வந்தது. 1991இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது வேட்டை உரிமம் என்ற வழக்கமே ஒழிந்தது. அது நன்மைக்கே என்பது நம் கருத்து. ஆயினும் நடந்ததை நடந்தவாறே சொல்ல வேண்டும்.

மலைத் தோட்டமொன்றை விற்றுவிட்டுத் தம் நாடு திரும்பிய ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து 1957இல் பெரியத்தா வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி அது. பன்னிரண்டு போர் என்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக உருட்டினால் அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாக அடங்குமோ, அதுவே பன்னிரண்டு போர்க் குழல். விட்டம் ஏறத்தாழ பதினெட்டரை மில்லிமீட்டர். ஆனால் அதிலிருந்து புறப்படுவது ஒற்றைக் குண்டன்று. தோட்டாவுக்குள் மருந்தும், மருந்தின் மேல் கம்பளித் தக்கையும், தக்கையின் மேல் கடுகு போன்றும் மிளகு போன்றும் ஈய ரவைகளும் அடைத்திருக்கும். ரவைக்கு எண் உண்டு. எண் கூடக் கூட ரவை சிறுத்துப்போகும். ஆங்கிலேயர் கணக்கில் ஓர் அவுன்ஸ் ஆறாம் எண் ரவை 270 மணிகள், நான்காம் எண் 170, பி.பி. எனப்படும் பெரிய ரவையோ 70 மணிகளே.

இந்த ரவைகள் குழலை விட்டு வெளிப்பட்டதும் ஈசற் கூட்டம்போல் விரிந்துகொண்டே போகின்றன. அருகில் நெருக்கமாகவும் தொலைவில் கலைந்தும் இருக்கும். விரிவை மட்டுப்படுத்துவதற்காகக் குழலின் வாய்ப்புறத்தைச் சிறிது குறுக்கி அமைப்பார்கள். இதற்குச் சோக் என்று பெயர். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது குழாயின் வாயை விரலால் நெருக்குகிறோம் அல்லவா, ஏறக்குறைய அதைப் போன்றது. முழுச் சோக் என்றாலும் அந்தக் குறுக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவே. அதுவும் குழலின் கடைசி இரண்டொரு அங்குலத்தில்தான். அவ்வளவு சிறிய மாற்றம் எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்பதை 1875இல் லண்டனில் நடந்த துப்பாக்கிச் சோதனை உலகுக்குக் காட்டிற்று. பர்மிங்காம் நகரத்துக் கிரீனர் செய்த சோக் குழல்கள் அதில் வெற்றி பெற்றன.

நம் துப்பாக்கியின் குழல்களைக் கழற்றிக் கவிழ்த்தால், இடக் குழலின் அடியில் சோக் என்ற சொல் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இங்கிலாந்தின் பரிசோதனைச் சாலையில் குத்திய முத்திரை அது. வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியத்தா அதைக் கழற்றிக் காட்டாமல் விடமாட்டார். வலக் குழல் கிட்டத்துக்கு, இடக் குழல் தூரத்துக்கு என்பார். நம் வீட்டில் அதற்குத் தூரக்குழல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தூரக்குழலில் பி.பி. தோட்டாவைப் போட்டால் 60 கெஜத்திலும் பறவை தப்பாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

இங்கே மார்க்கச் சட்டம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அம்பு குத்தி ஊடுருவும்; ஈய ரவையோ தன் வேகத்தால் அடித்து நொறுக்குவது. ஆகையால் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டிருந்தாலும், பறவை உயிரோடு கைக்குக் கிடைத்து, முறைப்படி அறுக்கப்பட்டாலன்றி உண்ணலாகாது என்பதே நம்மூர் ஆலிம்கள் சொல்லி வந்த தீர்ப்பு. எனவே சுடுகிறவருக்குப் பின்னால் கூரிய கத்தியோடு ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீரில் ஓடுவதற்கு ஆயத்தமாக நிற்பார். பறவை விழுந்த இடத்திலேயே இறந்துவிட்டால் நமக்கு ஆகாது. காயத்தோடு கோரைக்குள் மறைந்துவிட்டாலோ நமக்கும் ஆகாது, அந்த வாயில்லாச் சீவனுக்கும் வதை. இரண்டாவதைப் பெரும் பாவமாகவே நம் அத்தா கருதுவார். அறுக்கும்போதும் பிராணிக்கு நோவு குறைய வேண்டும் என்று கற்பித்த மார்க்கம், அதை ஒடிந்த சிறகோடு இரவெல்லாம் தண்ணீரில் தவிக்கவிடுமா என்று கேட்பார்.

1966ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். கம்பத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தனர். அவர்களையும் அழைத்துக்கொண்டு பெரியத்தாவும் அத்தாவும் கண்மாய்க்குப் போயினர். உரிமத்தில் அத்தாவின் பெயரும் சேர்ந்திருந்தது. வேலிக்காத்தான் புதரின் மறைவில் அமர்ந்திருந்தபோது கிளுவைக் கூட்டம் ஒன்று தள்ளி இறங்கிற்று. தூரம் அதிகம், வேண்டாம் என்று அத்தா தயங்கினார். "நாப்பது கெஜம்கூட இல்ல, தூரக்குழல்ல பி.பி. கெடக்கு, போடு தம்பி" என்றார் பெரியத்தா. மூத்தவர் சொல்லைத் தட்டாமல் அத்தா சுட்டார். ஒரு கிளுவை மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, ஒற்றைச் சிறகை அடித்துக்கொண்டு கோரைக்குள் போய்விட்டது. அன்று மாலைவரை தேடினார்கள். மறுநாட் காலையில் அத்தா தனியே போய்த் தேடியபோது அது கரையோரம் செத்துக் கிடந்தது. விருந்தினர் முன்னிலையில் பெரியத்தா சொன்ன சொல் ஊரெல்லாம் பரவிற்று.

"தோட்டாவும் சரி, கொழலும் சரி. கைதான் சரியில்ல."

அத்தா மறுமொழி சொல்லவில்லை. அன்றோடு துப்பாக்கியைத் தொடுவதையும் விட்டுவிட்டார். தொழுகைக்கு இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். கடையில் ஒரே மெத்தையில்தான் அமர்வார்கள். வரவு செலவு பேசுவார்கள். வேறெதுவும் பேசமாட்டார்கள். நம் அம்மா இரண்டு வீட்டுக்கும் நடுவில் கறிக்கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்தே அந்த மூன்றாண்டுகளைக் கழித்தார்.

அம்மாவின் தம்பி, நம் மாமு, உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். பால்காரி கொண்டு வரும் பாலில் மானியை மிதக்கவிட்டு அவளிடம் வசை வாங்கியவர். மலைமேல் தோட்டத்து மனமகிழ் மன்ற நூலகத்திலிருந்து யார் மூலமாகவோ துப்பாக்கியைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. 1969 மே மாத விடுமுறையில் வந்தவர், வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். "பெரிய மச்சான், உங்க தூரக்குழல் எவ்வளவு தூரம்னு ஒரு நாள் எண்ணிப் பாத்துருவமா?"

எண்ணிப் பார்ப்பதா என்று பெரியத்தா சிரித்தார். மாமு முறையை விளக்கினார். 40 கெஜத்தில் பெரிய தாளொன்றைக் கட்டிச் சுட வேண்டும். ரவைகள் எங்கே மிக நெருக்கமாகப் பட்டிருக்கின்றனவோ அதை நடுவாகக் கொண்டு 30 அங்குல விட்டத்தில் வட்டம் வரைய வேண்டும். வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளை எண்ணி, தோட்டாவில் இருந்த மொத்த ரவைகளுக்கு அது நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட வேண்டும். முழுச் சோக் என்றால் நூற்றுக்கு 70. சோக்கே இல்லாத நேர்க்குழல் என்றால் நூற்றுக்கு 40. உலகெங்கும் துப்பாக்கி செய்கிறவர்கள் ஒப்புக்கொண்ட அளவு இது.

பெரியத்தா உடனே இசைந்தார். தம் குழலின் பெருமை நிலைநாட்டப்படும் என்பதோடு, மூன்றாண்டுகளுக்கு முன் தாம் சொன்னதும் மெய்ப்படும் என்று எண்ணியிருப்பார் போலும். அம்மாவுக்கு மட்டும் அச்சம். மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே, "இருக்குற சண்டை போதாதா, நீ வேற தாளைப் போட்டு எண்ணப் போறியா?" என்று தம்பியைக் கடிந்துகொண்டார்.

நமக்கு அப்போது 11 வயது. பெரியத்தாவின் மகன் நமக்கு இரண்டு வயது மூத்தவர். இரண்டு மாதச் செய்தித்தாள்களை ஆறு ஆறாக ஒட்டி, ஐந்தடிச் சதுரத் தாள்கள் பத்தொன்பது செய்தது நாங்கள் இருவரும். உரிமத்தில் ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று வரம்பு உண்டாகையால், பெரியத்தா ஒவ்வொன்றையும் நகை எடுத்துக் கொடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்தார். முதலில் ஆறாம் எண் தோட்டாக்கள் இரண்டைப் பிரித்து ரவைகளைத் தாம்பாளத்தில் கொட்டி எண்ணினோம். பத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைத்தோம். ஒன்றில் 284, மற்றொன்றில் 289. ஒன்றே ஒன்றரைக்கால் வீச அவுன்ஸ் என்பதற்குப் பெரியத்தா சொன்ன பழைய கணக்கு நமக்கு விளங்கவில்லை. ஓர் அவுன்ஸும் அதில் பதினாறில் ஒரு பங்கும் என்று மாமு திருத்தினார். அந்த நிறைக்குப் புத்தகக் கணக்கு 287. அதையே வைத்துக்கொண்டோம்.

கண்மாய்க் கரையை ஒட்டிய நம் புஞ்சையில், பின்னால் மண்மேடு இருக்குமிடமாகப் பார்த்து மூங்கிற் சட்டம் நட்டோம். கயிற்றை அளந்து 120 அடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதன்மேல் மணல் மூட்டை வைத்து, துப்பாக்கியை மூட்டையின்மேல் கிடத்திச் சுட வேண்டும் என்றார் மாமு. சுடுகிறவர் பெரியத்தாவே. "கை சரியா இல்லையாங்குற பேச்சே வரக்கூடாது பாருங்க" என்று அவர் சொன்னபோது அத்தா வரப்பில் அமர்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலக் குழலில் ஐந்து, இடக் குழலில் ஐந்து, எல்லாம் ஆறாம் எண். ஒவ்வொரு முறையும் தாளை அவிழ்த்து எண்ணிட்டு, புதிய தாளைக் கட்டினோம். அச்செழுத்துக்களுக்கு நடுவே ஓட்டை தெரியவில்லை. ஆகவே தாளை வெயிலுக்கு எதிரே இருவர் பிடிக்க, ஒளி கசியும் புள்ளி ஒவ்வொன்றையும் சிவப்புப் பென்சிலால் சுழித்து எண்ணினோம். 15 அங்குல நூலின் ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் பென்சில். அதுதான் வட்டம் வரையும் கருவி. சுடுவதற்கு முன்பே வட்டம் வரைந்து வைக்கக் கூடாதா என்று கேட்டோம். குறி பார்த்த திறமையை அன்று, ரவை பரவிய விதத்தையே அளக்கிறோம், எனவே ரவை போன இடத்துக்கு வட்டம் போக வேண்டும் என்று மாமு விளக்கினார். பிற்காலத்தில் வேறு பல செய்திகளிலும் இந்த விளக்கம் நமக்கு நினைவு வந்ததுண்டு.

ஏன் ஐந்து முறை என்பதும் அன்றே விளங்கிற்று. ஒரே குழல், ஒரே பெட்டித் தோட்டா. ஆயினும் எண்ணிக்கை ஒன்றுபோல் வரவில்லை. வலக் குழலில் 117, 124, 112, 128, 119. சராசரி 120; நூற்றுக்கு 42. அது கிட்டத்துக் குழல்தானே என்று பெரியத்தா தலையசைத்தார். அடுத்து இடக் குழல். 200க்குக் குறையாது என்று அவரும், ஏன், மாமுவுமே எதிர்பார்த்தனர். முதல் தாளில் 109. தவறாக எண்ணிவிட்டீர்கள் என்றார் பெரியத்தா. தாமே சிவப்புச் சுழிகளின்மேல் விரல் வைத்து மறுபடி எண்ணினார். 109தான். இரண்டாவது 126. பிறகு 114, 121, 120. சராசரி 118, நூற்றுக்கு 41.

தூரக்குழலுக்கும் கிட்டக்குழலுக்கும் வேறுபாடே இல்லை!

நான்காம் எண்ணையும் இடக் குழலில் மூன்று முறை சுட்டுப் பார்த்தோம். எண்ணிக்கை குறைந்தது, விழுக்காடு அதேதான். கடைசியாகப் பி.பி. பெரிய ரவையாதலால் தாளில் ஓட்டைகள் நன்றாகவே தெரிந்தன. ஆனால் தெரிவதற்கு எத்தனை இருந்தன? 74 ரவைகளில் வட்டத்துக்குள் 28, 33, 29.

மாமு சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். கிளுவையின் உடலளவுக்கு, விரித்த உள்ளங்கைபோல் வெட்டிய அட்டை. கண்ணை மூடிக்கொண்டு அதனைத் தாளின் வட்டத்துக்குள் இருபது இடங்களில் வைக்கும்படி நம்மிடம் சொன்னார். ஒவ்வொரு முறையும் அட்டைக்கடியில் எத்தனை ஓட்டை என்று குறித்தார். பி.பி. தாளில் ஒன்பது இடங்களில் ஒன்றுமில்லை. ஓரிடத்தில் மட்டும் மூன்று. எஞ்சிய பத்து இடங்களில் ஒன்றோ இரண்டோ.

"மூணு ரவை பட்டா பறவை விழும்னு வச்சுக்குவோம். ஒண்ணும் படலைன்னா பறந்து போயிரும், தொந்தரவில்ல. இந்தப் பத்து இருக்கே மச்சான், இதுதான் கோரைக்குள்ள போறது" என்றார்.

யாரும் பேசவில்லை. ஆறாம் எண் தாளில் அதே அட்டையை வைத்தபோது பன்னிரண்டு இடங்களில் மூன்றும் அதற்கு மேலும் இருந்தன. மூங்கிலைப் பெயர்த்து 30 கெஜத்தில் நட்டு, எஞ்சிய மூன்று ஆறாம் எண் தோட்டாக்களைச் சுட்டபோது வட்டத்துக்குள் சராசரி 172 விழுந்தன. அட்டைக் கிளுவைக்கு இருபதில் பதினேழு இடங்களில் மூன்றுக்கு மேல். பெரிய ரவை தூரம் போகும் என்பது மெய்தான். தனித்த ரவைக்கு விசை மிகுதி. ஆனால் அது பறவையைச் சந்திக்க வேண்டுமே! எண்ணிக்கை குறைந்தால் இடைவெளி பெருகும். அந்த இடைவெளியில் ஒரு கிளுவை இரண்டு சிறகையும் விரித்துப் போய்விடலாம்.

அன்று நடந்த வேடிக்கையொன்றும் உண்டு. வெடிச் சத்தம் கேட்டுத் தோப்புக் காவற்காரக் கிழவர் தம் நாட்டுத் துப்பாக்கியோடு வந்து சேர்ந்தார். அது வாய் வழியாகக் கருமருந்து போட்டுக் கெட்டிக்கும் வகை. தமக்கும் ஒரு தாள் வேண்டும் என்றார். உள்ளங்கை நிறைய மருந்து, தேங்காய் நார்த் தக்கை, அதன்மேல் ரவை என்று இடித்துச் சுட்டார். புகை கலைந்து பார்த்தால், தாளின் ஓரமெல்லாம் ஓட்டை. நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மருந்தைப் பாதியாகக் குறைத்துச் சுடும்படி மாமு சொன்னார். இம்முறை ரவைகள் ஒழுங்காக நடுவில் கூடியிருந்தன. மருந்து மிகுந்தால் மென்மையான ஈயம் நசுங்கிக் கோணலாகும், கோணலான ரவை நேரே போகாது, பின்னாலிருந்து வரும் வேகத்தில் தக்கையும் ரவைக் கூட்டத்தைக் கலைத்துவிடும் என்றெல்லாம் மாமு விளக்கினார். கிழவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சத்தம் கொறஞ்சா பன்னி பயப்படாதுங்களே சாமி" என்று சொல்லிப் பழையபடியே உள்ளங்கை நிறைய மருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரவர் தேவை அவரவருக்கு!

பெரியத்தா அந்த வேடிக்கையில் கலந்துகொள்ளவில்லை. குழல்களைக் கழற்றி மடிமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சோக் என்று பொறித்திருக்கிறதே, அது எப்படிப் பொய்யாகும்? மாமு குழலைக் கையில் வாங்கி வாய்ப்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். இரட்டைக் குழல்கள் நுனியை நோக்கி ஒன்றையொன்று நெருங்கி வந்து வாயருகில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இவற்றிலோ இடையே ஒரு சிறு சந்து. அதில் ஈயத்தை உருக்கி நிரப்பி, மேலே கறுப்புச் சாயம் பூசியிருந்தது. அளவுநாடாவை வைத்தால் நீளம் இருபத்தேழே முக்கால் அங்குலம். அப்படியொரு நீளத்தில் யாரும் துப்பாக்கி செய்வதில்லை. குழலின் வாயில் மண் அடைத்திருப்பதைக் கவனியாமல் எப்போதோ ஒருவர் சுட்டிருக்கலாம். நுனி புடைத்தோ கிழிந்தோ போயிருக்கலாம். அதை அறுத்தெறிந்து ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். சோக் இருந்ததே அந்தக் கடைசி இரண்டங்குலத்தில்தான். முத்திரை குழலின் அடியில் இருந்ததால் பிழைத்துக்கொண்டது; முத்திரை குறித்த பொருளோ எந்தக் குப்பைமேட்டிலோ போய்விட்டது. அடுத்த வாரம் துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து அளவுக் கருவியால் பார்த்தபோதும் இரண்டு வாய்களும் ஒரே அளவு என்றே சொன்னார்.

பன்னிரண்டு ஆண்டுகளாகத் தூரக்குழல் என்று ஒன்று நம் வீட்டில் இல்லவே இல்லை.

அந்தி சாய்ந்தது. எல்லோரும் புறப்பட்டபோது அத்தா மட்டும் அளவுக் கயிற்றை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினார். கோடையாதலால் கண்மாய் வெடித்துக் கிடந்தது. 1966இல் அமர்ந்திருந்த வேலிக்காத்தான் புதர் அப்படியே இருந்தது. கிளுவை விழுந்த இடத்தில் நின்ற ஒற்றைக் கருவேல மரமும் அப்படியே இருந்தது. நம்மைக் கூப்பிட்டுக் கயிற்றின் முனையைப் புதரருகில் பிடிக்கச் சொன்னார். அவர் அளந்துகொண்டே போனார். பெரியத்தா கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அளந்து முடித்ததும் அத்தா எதையும் உரக்கச் சொல்லவில்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டு கரையேறியதும், "எவ்வளவு?" என்று பெரியத்தாதான் கேட்டார். "56 கெஜம் அண்ணே."

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு பெரியத்தா நம் வீட்டுக்கு வந்தார். மூன்றாண்டுகளில் அவர் அழைப்பின்றி வந்தது அதுவே முதல் முறை. அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். அவர் திண்ணையில் அமர்ந்து, நெடுநேரம் கழித்து, "தம்பி, அன்னைக்குக் கை சரியாத்தான் இருந்துச்சு" என்றார். "விடுங்கண்ணே" என்றார் அத்தா. பிறகு இருவரும் நெல் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினர். உள்ளே அம்மா சுலைமானி போடப் பாத்திரத்தை எடுக்கும் ஓசை கேட்டது. சற்று நேரம் அதுவும் கேட்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்பாகவே பெரியத்தா ஆள் வைத்து, புதரிலிருந்து 30 கெஜத்தில் மூன்று மூங்கிற் கழிகளைக் கண்மாயில் நடச் செய்தார். கழிகளுக்கு அப்பால் இருக்கும் பறவை நமக்கு எழுதப்பட்டதன்று என்றார். பி.பி. தோட்டாக்களை ஒதுக்கி வைத்துவிட்டார். கழிக்கு அப்பால் நூற்றுக்கணக்கில் கிளுவைகள் மேய்ந்துகொண்டிருக்க, இப்பால் ஒன்றும் வராத நாட்கள் பல. நண்பர்கள் நகைத்தனர். துப்பாக்கியோடு போய்ச் சும்மா திரும்பி வருவதற்கு நடைப் பயிற்சி போதாதா என்றனர். அவர் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அந்தத் தலைக்கனம் பிடித்த மனிதர் அப்படி இருந்ததை நினைத்தால் இன்றும் நமக்கு வியப்புத்தான்.

அன்று யாருக்கும் தோன்றாத ஒன்றைப் பிற்காலத்தில் படித்தறிந்தோம். குறி தப்பிய ரவைகளெல்லாம் நீரடியிற் சேற்றில் தங்குகின்றன. வாத்தினங்கள் அவற்றைக் கல்லென்று கருதி விழுங்கி ஈய நஞ்சால் மடிகின்றன. இக்காரணத்தால் அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடை செய்துவிட்டார்கள். அவர்கள் இரும்பு ரவைக்கு மாறி, மறுபடியும் தாள் கட்டி எண்ணத் தொடங்கினார்கள். நம் கண்மாய்ச் சேற்றில் நாம் விட்டுவந்த ஈயம் எவ்வளவோ, அதற்கு எந்தத் தாளிலும் கணக்கில்லை.

பெரியத்தா 1983இல் காலமானார். அதற்கடுத்த ஆண்டு, வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்றாகிவிட்டதால் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். தோட்டாக் கணக்கு எழுதி வந்த நோட்டு மட்டும் நம்மிடம் இருக்கிறது. பழைய பக்கங்களெல்லாம் பெரியத்தாவின் கையெழுத்து. எத்தனை தோட்டா வாங்கியது, எத்தனை செலவு, எத்தனை பறவை என்பவை மட்டுமே அவற்றில் இருக்கும். 1969–70 பருவத்துப் பக்கத்தில் கையெழுத்து மாறுகிறது, அது அத்தாவுடையது. நான்காவதாக ஒரு பத்தியை அவர் புதிதாகக் கோடிட்டுச் சேர்த்திருக்கிறார். தோட்டா 11. அறுத்தது 6. தவறியது 4. அறுக்குமுன் இறந்தது 1. அப்பால் அந்தப் புதிய பத்தி: காயத்தோடு போனது, இல்லை.